கரும்புத் தோட்டத்திலிருந்து அதிபர் மாளிகைக்கு: கயானாவின் செட்டி ஜெகன்



உலகப் படத்தில் தென் அமெரிக்காவின் வடக்குக் கரையைப் பார்த்தால், வெனிசுவேலாவுக்குக் கிழக்கே கயானா என்னும் சிறிய நாடு ஒன்று தெரியும். நிலத்தால் அது தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. ஆனால் வரலாற்றாலும் பழக்கவழக்கத்தாலும் கரிபியன் தீவுகளோடு சேர்த்து எண்ணப்படுவது. அதன் தலைநகருக்கு ஜார்ஜ்டவுன் என்று பெயர். பினாங்கில் இருக்கும் ஜார்ஜ்டவுனோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1966ஆம் ஆண்டு வரை அந்த நாடு 'பிரிட்டிஷ் கயானா' என்ற பெயரில் ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாக இருந்தது. அங்கே கரும்புத் தோட்டத்து லயத்தில் வளர்ந்து, நாட்டின் அதிபராக உயர்ந்த செட்டி ஜெகன் என்பவரின் வாழ்க்கையை இன்று நாம் காண்போம். செட்டி என்றதும் நம்மூர்ச் செட்டியார் நினைவுக்கு வரலாம். இது சாதிப் பெயரன்று. வட இந்தியப் பெற்றோர் பிள்ளைக்கு இட்ட பெயர்.

முதலில் அந்த மண்ணுக்கு நம்மவர்கள் எப்படிப் போனார்கள் என்பதைத் தெரிந்துகொள்வோம். கயானாவின் கரும்புத் தோட்டங்களில் ஆதியில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1834ஆம் ஆண்டு அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1838ஆம் ஆண்டில் அவர்கள் முழு விடுதலை பெற்றார்கள். விடுதலை பெற்றவர்கள் நியாயமான கூலி கேட்டார்கள். கூலியைக் கூட்டிக் கொடுக்க மனமில்லாத தோட்ட முதலாளிகள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். 1838 மே 5ஆம் நாள் விட்பி, ஹெஸ்பரஸ் என்னும் இரண்டு கப்பல்கள் இந்தியத் தொழிலாளர்களோடு அங்கே போய்ச் சேர்ந்தன. 1917ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 239,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய வட இந்தியர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் சில ஆயிரம் பேர் போனார்கள். அவர்களை அங்கே 'மதராசிகள்' என்று அழைத்தார்கள். அவர்கள் கொண்டுபோன மாரியம்மன் வழிபாடும் காளி வழிபாடும் அந்நாட்டில் இன்றும் நடந்து வருகின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்க வம்சாவளியினர் கூடுதல் கூலி கேட்ட நேரத்தில் குறைந்த கூலிக்கு இந்தியர்களைக் கொண்டுவந்தார்கள் முதலாளிகள். 'இவர்கள் வந்ததால் நம் பிழைப்புப் போயிற்று' என்று ஒரு சாரார் நினைத்தனர். மற்றொரு சாராரோ லயத்தைத் தாண்டி உலகம் அறியாதவர்கள். இரு இனத்தாருக்கும் இடையே ஐயம் விதைக்கப்பட்டது அப்போதுதான். அந்த விதை செட்டி ஜெகனின் காலத்தில் நச்சு மரமாக வளர்ந்து நின்றதைப் பிறகு பார்ப்போம்.

ஜெகனின் பாட்டிமார் இருவரும் உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்திலிருந்து 1901ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். அவருடைய தாயும் தந்தையும் அப்போது கைக்குழந்தைகள். அந்தக் குழந்தைகளும் பின்னாளில் கரும்புக் காட்டிலேயே வேலைக்குப் போனார்கள். 1918 மார்ச் 22ஆம் நாள், பெர்பீஸ் வட்டாரத்தில் உள்ள போர்ட் மொராண்ட் தோட்டத்தில் செட்டி ஜெகன் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் அவரே மூத்தவர். தந்தையார் கரும்பு வெட்டும் தொழிலாளியாக இருந்து, பிறகு 'டிரைவர்' ஆனார். வண்டி ஓட்டுபவர் என்று பொருள் கொள்ளக்கூடாது. நாம் கங்காணி என்கிறோமே, அந்த வேலைக்கு அங்கே அப்படிப் பெயர். தாயார் பச்சாவ்னி களை எடுக்கப் போவார். வருகிற வருமானத்தைக் கட்டுச்செட்டாகச் செலவழித்துக் குடும்பத்தை நடத்தியவர் அவர்தான்.

தோட்டத்தில் இரண்டு உலகங்கள் இருந்தன என்று ஜெகன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஒன்று துரையின் மாளிகை. மற்றொன்று தொழிலாளரின் லயம். மாளிகையில் மின்விளக்கு எரிந்தது. லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. இவற்றைப் பார்த்தே அந்தப் பிள்ளை வளர்ந்தான்.

ஊர்ப் பள்ளியில் தொடங்கிய படிப்பை முடித்து, 15ஆம் வயதில் தலைநகரத்தின் புகழ்பெற்ற குவீன்ஸ் கல்லூரியில் சேர்ந்தார் ஜெகன். அந்நாளில் ஒரு தோட்டத் தொழிலாளியின் மகன் அங்கே போய்ப் படிப்பது எளிதில் நடக்கிற காரியமன்று. தங்கியிருந்த வீடுகளில் எடுபிடி வேலைகளும் செய்ய வேண்டியிருந்தது. மூன்று ஆண்டுகள் படித்துத் தேர்ச்சி பெற்றார். ஆனால் படித்து முடித்த பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை. ஆசிரியர் வேலைக்குப் போகலாம் என்றால், பள்ளிக்கூடங்கள் எல்லாம் திருச்சபைகளின் கையில் இருந்தன. கிறித்துவராக மாறினால்தான் வேலை என்ற நிலை. அதற்குத் தந்தையார் இணங்கவில்லை. கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதைக் கேட்கும்போது மனம் உறுத்துகிறது. பாடம் சொல்லிக்கொடுக்கத் தகுதி உண்டா என்று கேளாமல், எந்தக் கடவுளைக் கும்பிடுகிறாய் என்று கேட்ட காலம் அது.

வேறு வழியில்லாமல், 1936ஆம் ஆண்டு, தந்தையார் திரட்டிக் கொடுத்த 500 டாலருடன் ஜெகன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். வாஷிங்டனில் கறுப்பின மக்களுக்கென அமைந்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள். பிறகு சிகாகோ நகரில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம். ஊரிலிருந்து பணம் தொடர்ந்து வர வழியில்லை. அடகுக் கடையில் துணி தைத்தார். தெருவில் மருந்து விற்றார். இரவில் மின்தூக்கி இயக்கும் வேலை பார்த்துப் பகலில் படித்தார். 1942ஆம் ஆண்டில் பல் மருத்துவர் ஆனார். சிகாகோவில் தாதிப் பயிற்சி பெற்றுவந்த ஜேனட் ரோசன்பர்க் என்னும் யூதப் பெண்ணை 1943ஆம் ஆண்டு மணந்தார். பெண்ணின் வீட்டில் கடுமையான எதிர்ப்பு இருந்தது. அந்த அம்மையார் பின்னர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணவரோடு தோள் சேர்ந்து அரசியலில் நின்றார்.

1943ஆம் ஆண்டின் இறுதியில் ஜார்ஜ்டவுனில் பல் மருத்துவ நிலையம் திறந்தார்கள். கணவர் பல் பிடுங்குவார். மனைவி உதவியாக நிற்பார். வருமானம் நன்றாகவே வந்தது. தோட்டத்திலிருந்து தப்பித்த பிள்ளை, தன் கூடப்பிறந்தவர்களைக் கரை சேர்த்துவிட்டு நகரத்தில் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அப்படி வாழ்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஜெகன் அப்படி இருக்கவில்லை. தொழிற்சங்கத்தில் பொருளாளராகச் சேர்ந்தார். சங்கத் தலைமை முதலாளிகளோடு குலவுவதைக் கேள்வி கேட்டதால் அந்தப் பதவியில் நீடிக்க முடியவில்லை. 1946ஆம் ஆண்டு மனைவியோடும் நண்பர்களோடும் ஓர் அரசியல் ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1947ஆம் ஆண்டு, 29ஆம் வயதில், சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அடுத்த ஆண்டு நடந்த ஒரு சம்பவம் அவர் வாழ்க்கையின் திசையை உறுதி செய்தது. முன்பெல்லாம் கரும்பு வெட்டுபவர்கள் வெட்டிப் போட்டுவிட்டுப் போவார்கள். பிறகு, வெட்டிய கரும்பைத் தாங்களே சுமந்துபோய்க் கால்வாயில் நிற்கும் இரும்புப் படகுகளில் ஏற்ற வேண்டும் என்று தோட்டங்கள் விதித்தன. முதுகை ஒடிக்கும் வேலை அது. 1948 ஏப்ரலில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூன் 16ஆம் நாள் என்மோர் தோட்டத்தில் கூடிய தொழிலாளர்கள்மீது காவலர்கள் துப்பாக்கியால் சுட்டார்கள். லல்லாபாகி, பூரன், ரம்பரன், துக்கி, ஹாரி ஆகிய ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களுடைய உடல்களோடு ஏறக்குறைய 16 மைல் தூரம் மக்கள் நடந்தே ஜார்ஜ்டவுன் இடுகாட்டுக்குச் சென்றார்கள். அந்த ஊர்வலத்தில் ஜெகனும் ஜேனட்டும் முன்னால் நடந்தார்கள். தோட்ட மக்களின் விடுதலைக்கே தம் வாழ்நாளை ஒப்படைப்பதாக அந்தக் கல்லறை அருகே மனத்துக்குள் உறுதி பூண்டதாக ஜெகன் எழுதியிருக்கிறார்.

அந்நாளில் நாட்டின் பெரும்பாலான கரும்புத் தோட்டங்கள் புக்கர் என்னும் ஒரே ஆங்கிலக் கம்பெனியின் கையில் இருந்தன. கடை கண்ணி, கப்பல் என எதைத் தொட்டாலும் அந்தக் கம்பெனிதான். பிரிட்டிஷ் கயானாவை ஆங்கிலத்தில் சுருக்கமாக 'பி.ஜி.' என்பார்கள். மக்கள் அதை 'புக்கர்ஸ் கயானா' என்று விரித்துக் கேலி பேசினார்கள். இத்தகைய வல்லமையை ஓர் இனம் மட்டும் தனித்து எதிர்க்க முடியாது என்பதை ஜெகன் அறிந்திருந்தார். 1950 ஜனவரி 1ஆம் நாள் மக்கள் முற்போக்குக் கட்சி பிறந்தது. இந்திய வம்சாவளியான ஜெகன் அதன் தலைவர். லண்டனில் சட்டம் பயின்று திரும்பிய ஆப்பிரிக்க வம்சாவளி வழக்கறிஞர் போர்ப்ஸ் பர்ன்ஹம் கட்சியின் அவைத்தலைவர். ஜேனட் பொதுச்செயலாளர். வயல்காட்டுத் தொழிலாளியும் நகரத்துத் தொழிலாளியும் முதன்முறையாக ஒரே கொடியின் கீழ் நின்றார்கள்.

1953 ஏப்ரலில் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை என்ற முறையில் முதல் தேர்தல் நடந்தது. மொத்தம் 24 இடங்களில் 18 இடங்களை அந்தக் கட்சி வென்றது. ஆனால் அந்த ஆட்சி நீடித்தது 133 நாட்கள் மட்டுமே. தொழிலாளர்களில் பெரும்பாலோர் எந்தச் சங்கத்தை விரும்புகிறார்களோ, அந்தச் சங்கத்தோடுதான் முதலாளி பேச வேண்டும் என்று ஒரு சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தார்கள். அக்டோபர் 8ஆம் நாள் அது அவையில் நிறைவேறியது. மறுநாள், அக்டோபர் 9ஆம் நாள், பிரிட்டிஷ் அரசு அரசியல் சட்டத்தையே நிறுத்தி வைத்தது. பிரிட்டிஷ் படைகள் வந்திறங்கின. இவர்கள் பொதுவுடைமை ஆட்சி அமைக்கச் சதி செய்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. ஜெகன் மார்க்சியக் கொள்கையில் நம்பிக்கை உள்ளவர் என்பதை என்றும் மறைத்ததில்லை. ஆயினும் மக்கள் வாக்கால் வந்த ஆட்சியைத் துருப்புகளைக் கொண்டு கலைத்தது நியாயமாகாது. நகரத்தை விட்டு வெளியேறக்கூடாது என்ற தடையை மீறியதற்காக 1954ஆம் ஆண்டு ஜெகனுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. பின்னர் ஜேனட்டும் சிறை சென்றார்.

வெளியிலிருந்து வந்த இந்த அடியைக் காட்டிலும் பெரியது உள்ளே விழுந்த பிளவு. 1955ஆம் ஆண்டு ஜெகனும் பர்ன்ஹமும் பிரிந்தார்கள். தலைமைப் போட்டியும் கொள்கை வேறுபாடும் காரணங்கள். தொடக்கத்தில் இரு பக்கத்திலும் இரு இனத்தாரும் இருந்தனர். நாளாக நாளாக, இந்தியர் என்றால் ஜெகன் கட்சி, ஆப்பிரிக்கர் என்றால் பர்ன்ஹம் கட்சி என்றாகிவிட்டது. 'நம் சாதிக்காரனுக்கே ஓட்டு' என்ற கோஷம் ஊரெங்கும் கேட்டது. அந்தக் கோஷத்தால் ஜெகனின் கட்சியும் பயன் பெற்றது என்பதை மறைப்பதற்கில்லை.

1957ஆம் ஆண்டிலும் 1961ஆம் ஆண்டிலும் ஜெகனே தேர்தலில் வென்றார். அந்த ஏழு ஆண்டுகளில் அவர் செய்தவற்றில் கல்விப் பணியை நாம் முதலில் சொல்ல வேண்டும். திருச்சபைகள் நடத்திய 51 பள்ளிகளை அரசு ஏற்றது. மதம் மாறினால்தான் ஆசிரியர் வேலை என்று தமக்குச் சொல்லப்பட்டதை அவர் மறக்கவில்லை போலும். 1963ஆம் ஆண்டு கயானா பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. கட்டடம் கட்டப் பணமில்லாததால், தாம் படித்த குவீன்ஸ் கல்லூரியிலேயே மாலை நேரத்தில் வகுப்புகள் நடந்தன. பகலில் வேலை பார்த்தவர்கள் மாலையில் வந்து படித்தார்கள். 'ஜெகனின் இராப் பள்ளிக்கூடம்' என்று எதிரிகள் ஏளனம் செய்தார்கள். அந்த இராப் பள்ளிக்கூடந்தான் இன்று நாட்டின் பல்கலைக்கழகமாக நிமிர்ந்து நிற்கிறது. சதுப்பு நிலங்களை வடிகட்டி, ஏழைகளுக்கு நெல் வயலாகப் பங்கிட்டுக் கொடுத்த பிளாக் புஷ் திட்டமும் அவர் காலத்ததே.

ஆனால் காலம் அவருக்குச் சாதகமாக இல்லை. கியூபாவில் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்த பிறகு, மற்றொரு பொதுவுடைமை நாடு உருவாவதை அமெரிக்கா விரும்பவில்லை. 1961 அக்டோபரில் ஜெகன் அதிபர் கென்னடியை நேரில் சந்தித்து உதவி கேட்டார். பெரிய பயன் விளையவில்லை. 1962 பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டத்தை எதிர்த்துக் கலவரம் மூண்டு ஜார்ஜ்டவுன் கடைவீதி எரிந்தது. 1963ஆம் ஆண்டு 80 நாட்கள் பொது வேலைநிறுத்தம் நடந்தது. அமெரிக்க உளவுத்துறையின் பணம் தொழிற்சங்கங்களின் வழியாக அந்த வேலைநிறுத்தத்துக்கு வந்தது என்பது பிற்காலத்தில் வெளியான ஆவணங்களால் தெரியவந்தது.

1964ஆம் ஆண்டு கொடிய ஆண்டு. மார்ச் 6ஆம் நாள் லெனோரா தோட்டத்தில் மறியல் செய்த கௌசில்லா என்னும் பெண் தொழிலாளிமீது டிராக்டர் ஏறி அவர் மாண்டார். அந்த வேலைநிறுத்தம் இனக்கலவரமாகத் திரும்பியது. விஸ்மார் என்ற ஊரில் இந்தியர்களின் வீடுகள் எரிந்தன. வேறு இடங்களில் ஆப்பிரிக்கர்கள் கொல்லப்பட்டார்கள். 170 பேருக்கு மேல் உயிரிழந்தனர். தலைமுறை தலைமுறையாக அண்டை வீட்டில் வாழ்ந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு, தம் இனத்தார் வாழும் ஊரைத் தேடி ஓடினார்கள். அதே கரும்பைத் தலைமுறை இடைவெளியில் வெட்டிய இரண்டு ஏழை மக்கள் ஒருவர் வீட்டை ஒருவர் கொளுத்தினார்கள். துரையின் மாளிகைக்கு ஒரு சேதமும் இல்லை.

இந்நிலையில் தேர்தல் முறையை மாற்றும் பொறுப்பை பிரிட்டிஷ் அமைச்சரிடமே விடுவதாகக் கட்சித் தலைவர்கள் கையொப்பமிட்டிருந்தார்கள். ஜெகனும் கையொப்பமிட்டிருந்தார். அவர் செய்த பெரிய அரசியல் பிழை அது. வாக்கு விகிதப்படி இடங்கள் என்று அமைச்சர் தீர்ப்பளித்தார். 1964 டிசம்பர் தேர்தலில் 53 இடங்களில் 24 பெற்று ஜெகனின் கட்சியே பெரிய கட்சியாக வந்தது. ஆயினும் மற்ற இரு கட்சிகள் கூட்டுச் சேர்ந்து பர்ன்ஹமைப் பிரதமராக்கின. 1966 மே 26ஆம் நாள் நாடு சுதந்திரம் பெற்றபோது, சுதந்திரம் கேட்டு முதலில் சிறை சென்ற ஜெகன் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வரிசையில் அவர் இருந்த காலம் 28 ஆண்டுகள். 1968ஆம் ஆண்டு முதல் நடந்த தேர்தல்களில் முறைகேடுகள் மலிந்தன. 1973ஆம் ஆண்டு வாக்குப் பெட்டிகளை இராணுவம் தூக்கிச் செல்வதைத் தடுக்கப் போன இரண்டு பேர் பெர்பீஸ் வட்டாரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பொறுமை இழக்க எத்தனையோ காரணங்கள் இருந்தன. இருந்தும் ஜெகன் ஆயுதத்தைக் கையில் எடுக்கும்படி மக்களைத் தூண்டவில்லை. கட்சிப் பத்திரிகையில் எழுதினார். தோட்டந்தோட்டமாகப் போய்ப் பேசினார். 1953ஆம் ஆண்டு சட்டமாகாமல் போன கோரிக்கை, 1975ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஓரளவு நிறைவேறியது. அன்று கரும்புத் தொழிலாளர்கள் தாங்கள் விரும்பும் சங்கத்துக்கு வாக்களித்தார்கள். ஜெகனின் ஆதரவு பெற்ற சங்கம் மிகப்பெரும்பான்மை பெற்றது. அந்த ஒரு வாக்குரிமையைப் பெற 22 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது!

1990ஆம் ஆண்டு, கென்னடியின் ஆலோசகராக இருந்த வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர், ஜெகனுக்கு அநீதி இழைக்கப்பட்டதாக அவர் முன்னிலையிலேயே வருத்தம் தெரிவித்தார். முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரின் முயற்சியால் தேர்தல் விதிகள் திருந்தின. வாக்களித்த இடத்திலேயே வாக்குகளை எண்ண வேண்டும் என்பது முக்கியமான மாற்றம். 1992 அக்டோபர் 5ஆம் நாள் தேர்தல் நடந்தது. ஜெகன் வென்றார். அக்டோபர் 9ஆம் நாள் அதிபராகப் பதவியேற்றார். 39 ஆண்டுகளுக்கு முன் அவருடைய முதல் ஆட்சி கலைக்கப்பட்டதும் அதே அக்டோபர் 9ஆம் நாள்தான். அப்போது அவருக்கு வயது 74.

அவர் கையில் வந்தது கடனில் மூழ்கிய நாடு. வெளிக்கடன் 200 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல். பிள்ளைகளின் பள்ளிக்கும் நோயாளியின் மருந்துக்கும் போக வேண்டிய பணம் வட்டிக்குப் போகிறதே என்று உலக அரங்குகளில் எடுத்துரைத்தார். ஏழை நாடுகளின் கடனைக் குறைத்து, மனிதரை முன்வைக்கும் புதிய உலக ஒழுங்கு ஒன்று வேண்டும் என்று வலியுறுத்தினார். 1996ஆம் ஆண்டு, கடன் கொடுத்த நாடுகள் கணிசமான பகுதியைக் குறைக்க இசைந்தன.

1997 பிப்ரவரியில் அவருக்கு மாரடைப்பு வந்தது. மார்ச் 6ஆம் நாள், கௌசில்லா மாண்ட அதே நாளில், வாஷிங்டன் மருத்துவமனையில் உயிர் நீத்தார். உடல் தாயகம் கொண்டுவரப்பட்டது. ஜார்ஜ்டவுனிலிருந்து போர்ட் மொராண்ட் வரை சாலையோரமெங்கும் மக்கள் நின்று வழியனுப்பினார்கள். அவர் பிறந்த தோட்டத்துக்கு அருகிலேயே சிதை மூட்டப்பட்டது. அந்த ஆண்டு இறுதியில் ஜேனட் அம்மையார் நாட்டின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நேயர்களே, செட்டி ஜெகன் குறையில்லாத மனிதர் அல்லர். இரு இனத்தையும் ஒரே கொடியின் கீழ் கொண்டுவந்தவர் அவர். அந்த ஒற்றுமையைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. இன அடிப்படையில் வாக்களிக்கும் பழக்கம் அவருக்குப் பின்னும் அந்நாட்டை விட்டு அகலவில்லை. கயானாவின் வரலாறு நமக்குக் காட்டும் கசப்பான பாடம் இது: தொழிலாளி இனம் பார்த்துப் பிரிந்தால் கூலியும் போகிறது, குடிசையும் எரிகிறது.

ஆனால் அவர் வாழ்வில் இன்னொரு பாடமும் உண்டு. நம் வீடுகளில் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறோம்? 'நீயாவது படித்து இந்தக் காட்டை விட்டுப் போய்விடு' என்கிறோம். அப்படிச் சொல்வதில் தவறில்லை. வெயிலிலும் மழையிலும் நிற்பவர்கள் சொல்லும் சொல் அது. ஜெகனின் பெற்றோரும் அப்படித்தான் நினைத்து அந்த 500 டாலரைக் கொடுத்திருப்பார்கள். அவர் போனார், படித்தார், பிறகு திரும்பி வந்தார். தாய் தந்தையர் கரும்பு வெட்டிச் சேர்த்த காசில் பெற்ற கல்வியை ஐம்பது ஆண்டுகள் கரும்பு வெட்டுபவர்களுக்காகவே செலவழித்தார். படித்துப் போகிற நம் பிள்ளைகள் எல்லாரும் தலைவர்களாக வேண்டியதில்லை. ஆனால் தங்களை வளர்த்த லயத்தை அவர்கள் மறவாதிருக்க வேண்டும். அவர்களை வழியனுப்பும் நாளில் அதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவோம்.